எளிதில் உடைவது எது? – ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்



ஒரு மொழியை நன்கு கற்க விரும்புவோர் அம்மொழியின் சொற்களை இன்னொரு மொழியின் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. அவ்வாறு பார்க்கும்போது பிறமொழியின் சிறப்பும் விளங்கும். எம் மொழியின் சிறப்பும் விளங்கும். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லையாகும். அது ‘ஃபிராஜைல்’ என்பது. எளிதில் உடையக்கூடியது என்பது அதன் பொருள்.

கனடாவில் வாழும் எமக்கு இது புதிய சொல்லன்று. கண்ணாடிப் பாத்திரங்கள் வரும் பெட்டிகளிலே சிவப்பு எழுத்தில் இது காணப்படும். பக்கத்தில் தண்டுடைய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றின் படமும் இருக்கும். சர்வதேச நியமங்கள் அமைப்பின் 780ஆம் இலக்க நியமம் வகுத்த குறியீடு அது. எழுத்தறியாதவரும் அப்படத்தைக் கண்டு பெட்டியைக் கவனமாக இறக்குவர்.

இந்நாட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் உத்தியோக மொழிகளாகும். 1969ஆம் ஆண்டின் உத்தியோக மொழிகள் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. ஆதலால் கடைகளில் நாம் வாங்கும் பொருள்களில் ஒவ்வொரு விவரமும் இரண்டு தடவை அச்சிடப்பட்டிருக்கும். ஆயின் இச்சொல்லோ இரு மொழிகளிலும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுவது. ஒரு தடவை அச்சிட்டால் இரு மொழியினருக்கும் போதும். எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறு. பிரித்தானியர் ‘ஃபிராஜைல்’ என்பர். அமெரிக்கர் ‘ஃபிராஜில்’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘ஃபிராஷீல்’ என்பர். இலங்கையிற் படித்த பெற்றோர் முதலாவது ஒலியையும், தொலைக்காட்சி பார்த்து வளரும் பிள்ளைகள் இரண்டாவது ஒலியையும் வழங்கக்கூடும். இரண்டும் வழக்கில் உள்ளவையே. இதனாற் பிள்ளைகள் பெற்றோரை நகைத்தல் வேண்டா!

சொல்லின் பிறப்பு

இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழியாகும். ‘ஃபிராங்கெரெ’ என்னும் இலத்தீன் வினைச்சொல்லுக்கு உடைத்தல் என்பது பொருள். அதிலிருந்து ‘ஃபிராகிலிஸ்’ என்னும் பெயரடை பிறந்தது. ‘இலிஸ்’ என்னும் விகுதி, ஒரு செயலுக்கு எளிதில் உட்படும் தன்மையைக் குறிப்பது. கற்பித்தலைக் குறிக்கும் வினையோடு அவ்விகுதி சேர்ந்து ‘டோசைல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமாயிற்று. எளிதிற் கற்பிக்கத்தக்கவர், பணிவுடையவர் என்பது அதன் பொருள். அத்தகைய மாணவர் எல்லா வகுப்புகளிலும் நிறைந்திருப்பாராக!

‘ஃபிராகிலிஸ்’ என்னும் ஒரே சொல் இரண்டு வழிகளால் ஆங்கிலத்தினுள் நுழைந்தது. முதலிற் பழைய பிரெஞ்சு மக்களின் வாயில் தேய்ந்து, நடு எழுத்தை இழந்து, 14ஆம் நூற்றாண்டளவில் ‘ஃபிரெயில்’ என்ற வடிவோடு வந்தது. மூப்பினாலும் நோயினாலும் தளர்ந்தவரை இன்று அச்சொல்லாற் குறிக்கின்றனர். பின்னர் 16ஆம் நூற்றாண்டளவில், நூல் கற்றோர் இலத்தீன் வடிவத்தைத் தழுவி ‘ஃபிராஜைல்’ என்பதை எடுத்தாண்டனர். ஆகவே இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் நடந்து வந்தார், மற்றவர் பல்லக்கில் வந்தார் எனலாம்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. ‘ஃபிராஜைல்’ என்பது ஆங்கிலத்தில் முதன்முதற் பெட்டியையோ கிண்ணத்தையோ குறிக்கவில்லை. மனிதரின் ஒழுக்கத்தையே குறித்தது. தீய வழியில் எளிதிற் சாய்ந்துவிடும் மன உறுதியற்ற நிலையே அதன் முதற்பொருள். பொருள்கள் எளிதில் உடையும் தன்மை என்ற கருத்து அதற்குப் பின்னரே வழக்குக்கு வந்தது. மனிதரைப் பற்றிய சொல் பாத்திரத்துக்கு ஏறிற்று. பின்பு உடல்நலம் குன்றியோரைக் குறித்து மீண்டும் மனிதரிடமே வந்து சேர்ந்தது.

சொல்லின் சுற்றத்தார்

‘ஃபிராங்கெரெ’ என்னும் வேரிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொற்கள் பல. எலும்பு முறிவைக் குறிக்கும் ‘ஃபிராக்சர்’, துண்டு என்று பொருள்படும் ‘ஃபிராக்மென்ற்’, கணிதத்தில் வரும் ‘ஃபிராக்சன்’, பௌதிகத்தில் வரும் ‘ரிஃபிராக்சன்’ என்பன அவற்றுட் சில.

இலங்கையில் தமிழ்மொழி மூலம் பயின்ற பெற்றோர் இவ்விடத்திற் பெருமை கொள்ளலாம். ‘ஃபிராக்சன்’ என்பதை நாம் பின்னம் என்று படித்தோம். பின்னம் என்பது உடைந்தது, பிளவுபட்டது எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. ‘ரிஃபிராக்சன்’ என்பதைத் தமிழ்நாட்டில் ஒளிவிலகல் என்பர். நாமோ ஒளிமுறிவு என்றும், அதன் அளவை முறிவுச்சுட்டி என்றும் படித்தோம். நீரிலே பாதி அமிழ்ந்த கோல் முறிந்தாற்போலத் தோன்றுவதை நினைத்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். இலத்தீன் சொல்லின் உயிர்ப்பொருள் எமது கலைச்சொல்லில் அப்படியே நிற்கின்றது.

அட்சரகணிதத்தை ஆங்கிலத்தில் ‘அல்ஜிப்றா’ என்பர். அது அரபுச் சொல். 9ஆம் நூற்றாண்டிற் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் நூற்பெயரிலிருந்து வந்தது. உடைந்ததை மீளப் பொருத்துதல் என்பது அதன் பொருள். எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்வோரை அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் ஸ்பானிய மக்கள் அழைத்தனர். பின்னத்தைக் கற்கும் பிள்ளை உடைவதைக் கற்கின்றது. அட்சரகணிதத்தைக் கற்கும்போது பொருத்துவதைக் கற்கின்றது!

இன்னும் ஓர் உறவினர் உண்டு. ‘பிறேக்’ என்னும் சாதாரண ஆங்கிலச் சொல்லும் ‘ஃபிராஜைல்’ என்பதும் தொலைவான சகோதரர்கள் என்றால் நம்புவீர்களா? இலத்தீனின் முதலெழுத்தாகிய ‘ஃப’கரம் ஆங்கிலம், செருமன் முதலிய மொழிகளில் ‘ப’கரமாக ஒலிக்கும், ‘க’கரத்தின் மெல்லோசை வல்லோசையாகும். சகோதரனைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபிராற்றர்’ என்பது ஆங்கிலத்தில் ‘பிறதர்’ ஆனமை காண்க. இத்தகைய ஒழுங்குகளை யாக்கோபு கிறிம் என்னும் செருமானிய அறிஞர் 1822ஆம் ஆண்டில் விதியாக வகுத்துக் கூறினார். அவ்விதியின்படி ‘ஃபிராங்கெரெ’யும் ‘பிறேக்’கும் ஒரே மூலத்தின் வழிவந்தவை.

இதுபோன்ற ஒழுங்கு எமது மொழிக் குடும்பத்திலும் உண்டு. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் ‘ஹாலு’ ஆகும். பல் ‘ஹல்லு’ ஆகும். பத்து ‘ஹத்து’ ஆகும். எம் உடை என்னும் வினை மலையாளத்தில் ‘உடயுக’ என்றும், கன்னடத்தில் ‘ஒடெ’ என்றும் வழங்குகின்றது. பறோ, எமனோ என்னும் இரு பேராசிரியர்கள் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இத்தகைய உறவுகளைத் தொகுத்துத் தந்துள்ளது.

தமிழில் ஒரு சொல் உண்டா?

‘ஃபிராஜைல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று மாணவர் கேட்பர். எளிதில் உடையக்கூடியது என்று இரண்டு சொற்களாற் கூறுகின்றோம். நொய்ம்மை என்ற சொல் உண்டு. உடைந்த அரிசியை நொய் என்பதும் அதனோடு உறவுடையது. ஆயினும் பேச்சில் நொய்ம்மை அருகிவிட்டது. அப்படியாயின் தமிழ் இவ்விடத்தில் வறிய மொழியா?

அன்று. ஆங்கிலம் ‘பிறேக்’ என்ற ஒரு சொல்லையே பெரும்பாலும் பயன்படுத்தும் இடங்களில், எந்தப் பொருள், எவ்வாறு கெட்டது என்பதைத் தமிழ் வினைச்சொல்லே சொல்லிவிடும். கீழே காண்க:

உடைதல் – பானை, முட்டை, தேங்காய், குளக்கட்டு.
முறிதல் – கொப்பு, தடி, எலும்பு.
ஒடிதல் – ஈர்க்கு, குச்சி.
நொறுங்குதல் – அப்பளம், விசுக்கோத்து, கீழே வீழ்ந்த கண்ணாடி.
அறுதல் – கயிறு, நூல், சங்கிலி.
கிழிதல் – துணி, தாள், வாழையிலை.
வெடித்தல் – காய்ந்த நிலம், சுவர், குளிரில் உதடு.
பிளத்தல் – விறகு, பாறை.
இடிதல் – மதில், வீடு.
உதிர்தல் – பூவிதழ், சுண்ணாம்புப் பூச்சு.
நசிதல் – கனிந்த பழம்.

திருவள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் கூற ‘இறு’ என்னும் வினையை ஆண்டுள்ளார். விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அனிச்சமலரைக் காட்டுகின்றார். அம்மலர் மோந்தவுடன் குழைந்துவிடும். விருந்தினரோ நாம் முகம் மாறுபட்டு நோக்கிய அளவிலேயே வாடிவிடுவர் என்பது அக்குறளின் கருத்து. எளிதிற் கெடுவனவற்றுள் எல்லாம் மிக எளிதிற் கெடுவது பிறர் மனமே என்று அவர் காட்டிய நுட்பம் எண்ணி மகிழத்தக்கது.

இலக்கணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் கிண்ணம் தானே உடைந்தாலும், ஒருவர் உடைத்தாலும் வினைச்சொல்லின் வடிவம் ஒன்றே. தமிழில் உடைந்தது என்பது தன்வினை; உடைத்தான் என்பது பிறவினை. முறிந்தது, முறித்தான், கிழிந்தது, கிழித்தான், அறுந்தது, அறுத்தான், நொறுங்கியது, நொறுக்கினான் என இவ்வாறே வரும். வீட்டில் ஏதேனும் சேதமானால் பிள்ளைகள் தன்வினையையே விரும்புவர். பெற்றோர் பிறவினையைத் தேடுவர். தமிழ் வினைச்சொல் பொறுப்பு யாருடையது என்று கேளாமல் விடுவதில்லை.

ஏன் இவ்வேறுபாடுகளைக் காக்க வேண்டும்?

எம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றார்கள். எனினும் பலர் எல்லாவற்றுக்கும் உடைந்துபோயிற்று என்ற ஒரே சொல்லையே பயன்படுத்துகின்றனர். கயிறும் உடைகின்றது, சட்டையும் உடைகின்றது. கருத்து விளங்குகின்றதுதானே, இதில் என்ன குறை என்று சிலர் வினவலாம். ஓர் உதாரணம் கூறுவோம்.

இந்நாட்டில் எம் முதியவர்கள் பனிக்காலத்தில் வழுக்கி வீழ்தல் உண்டு. வைத்தியசாலையில் அவர்களுக்கும் வைத்தியருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது பெரும்பாலும் பேரப்பிள்ளையே. வைத்தியர் ‘ஃபிராக்சர்’ என்கின்றார். அது மயிரிழை போன்ற சிறு கீறலாக இருக்கலாம். இரண்டு துண்டாக விலகியதாகவும் இருக்கலாம். பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச்சொல் ஒன்றே: “அம்மம்மா, எலும்பு உடைஞ்சு போச்சாம்.” அச்சொல்லைக் கேட்ட முதியவர் நடுங்கிப்போவார். எலும்பில் வெடிப்பு என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவர் ஆறுதல் கொண்டிருப்பார். ஊரில் முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டிய தலைமுறைக்கு வெடிப்பு, நெரிவு, முறிவு, சுளுக்கு என்பன நான்கு வெவ்வேறு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு; நாட்கணக்கு வேறு; அச்சத்தின் அளவும் வேறு. ஒரு சொல் குறைந்தால், வேண்டிய வேளையில் ஒருவருக்கு ஆறுதல் குறைகின்றது.

முதியவரை ‘ஃபிரெயில்’ என்று வைத்தியர் கூறினால், உடையக்கூடியவர் என்று மொழிபெயர்த்தல் கூடாது. உடல் தளர்ந்தவர், நலிந்தவர் என்றே சொல்லுதல் வேண்டும். இதுபோலவே மனம் உடைதல் வேறு, மனமுறிவு வேறு, மணமுறிவு வேறு. இறுதி இரண்டுக்கும் எழுத்தில் உள்ள பேதம் றன்னகர ணகர பேதமே. வாழ்க்கையில் உள்ள பேதமோ பெரிது. நாடுகளுக்கும் இச்சொற்கள் பொருந்தும். 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலங்கையிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை ஆங்கிலத்தில் எழுதியோர் ‘ஃபிராஜைல்’ என்னும் அடைமொழியோடு குறிப்பிட்டனர். 2008ஆம் ஆண்டு சனவரியில் அரசாங்கம் அதிலிருந்து முறைப்படி விலகியது. அதனைத் தமிழில் உடைந்தது என்று கூறாது முறிந்தது என்றே கூறுவோம். ஒப்பந்தமும் உறவும் பேச்சுவார்த்தையும் மரக்கொப்பைப் போல முறிபவை.

வன்மையும் உடையும் இயல்பும்

மெலிந்த பொருளே எளிதில் உடையும் என்று எண்ணுதல் தவறு. விஞ்ஞானம் கற்கும் மாணவர் இதனை அறிவர். கண்ணாடி வன்மையானது, இரும்பு ஆணியாற் கீறினாலும் எளிதிற் கீறுப்படாது. ஆயினும் ஓர் அடியில் நொறுங்கும். வார்ப்பிரும்பு பாரமானது, சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வெடித்துவிடும். மெல்லிய உருக்குக் கம்பியோ வளையும், உடையாது. வளையாமல் உடையும் தன்மையை நொறுங்கும் இயல்பு என்பர். கண்ணாடி ஏன் இவ்வாறு உடைகின்றது என்பதை கிறிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். அதன் மேற்பரப்பிற் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உள்ளன. விசை முழுவதும் அவ்வெடிப்பின் நுனியிற் குவிகின்றது; அங்கிருந்தே பிளவு ஓடுகின்றது. பெரிய உடைவுக்குத் தொடக்கம் சிறிய வெடிப்பே.

உடைந்த பின்பு பொருந்துமா என்பதும் ஒரு வினா. ஔவையார் மூதுரையில் மூன்று வகைப் பிளவுகளைக் கூறுகின்றார். கயவர் சினந்து பிரிந்தால் அது கல்லின் பிளவு போன்றது, ஒருபோதும் ஒட்டாது. இடைத்தரத்தினர் பிரிவு பொன்னின் பிளவு போன்றது. ஒருவர் முயன்று ஒட்டினால் ஒட்டும். சான்றோர் சினமோ நீரில் அம்பு எய்த வடுவைப் போன்றது, அப்பொழுதே மறைந்துவிடும். பொருளை நோக்கி மனிதரை அறியும் இப்பாடல் மாணவர் யாவரும் மனனம் செய்தற்குரியது.

ஏடும் ஓடும்

எளிதில் உடையும் ஒரு பொருளிலேயே தமிழர் தம் அறிவு அனைத்தையும் எழுதி வைத்தனர். அது பனையோலை. ஈரப்பசை போனதும் ஓலை ஒடியும், பூச்சியும் அரிக்கும். அதனால் அதற்கு எண்ணெய் பூசிப் பேணினர். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையிற் பிரதி செய்தனர். சங்க நூல்கள் எம் கைக்கு எட்டியமை ஓலையின் வலிமையால் அன்று. பிரதி செய்தவர்களின் விடாமுயற்சியால் ஆகும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். கலித்தொகைக்கு அவர் எழுதிய பதிப்புரையில், தாம் தேடிப் பெற்ற ஏடுகளின் நிலையை நெஞ்சுருகக் கூறியுள்ளார். ஏட்டை எடுத்தால் விளிம்பு உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் ஓலை ஒடிவதையும், புரட்டினால் துண்டு துண்டாகப் போவதையும், எழுத்தைப் புழு அரித்திருப்பதையும் அவர் அடுக்கிச் சொல்வார். ஏட்டின் ஒவ்வொரு சிதைவுக்கும் தக்க தமிழ் வினை அவரிடம் இருந்தது. அதே 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இவர்கள் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் அந்த ஏடுகளுட் பல தூளாகியிருக்கும்.

பிரதி இல்லாத ஏட்டுக்கு நேரும் கதியை எம் தலைமுறையும் கண்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. வேறிடத்திற் பிரதி இருந்த நூல் மீண்டும் வந்தது. பிரதி இல்லாத சுவடி வரவில்லை.

ஓலைக்கு இவ்வாறாயின் மட்பாண்டத்துக்கு வேறொரு விதி. பானை எளிதில் உடையும். ஆனால் உடைந்த ஓடு ஆயிரம் ஆண்டுகளுக்கும் அழியாது. 2015ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடந்த கீழடியிலும், அதற்கு முன்னர் கொடுமணலிலும் கிடைத்த பானையோடுகளிற் பழந்தமிழர் தம் பெயர்களைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறி வைத்திருந்தனர். அரசரின் மாளிகை அழிந்தது. சமையற் பானையில் எழுதிய பெயர் நின்றது.

நாம் வாழும் ஸ்ரௌவ்வில்லிலும் இதற்குச் சான்று உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை இவ்வூரில் வெண்டாற் என்னும் ஆதிக்குடி மக்களின் பழைய கிராமம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முந்திய அக்கிராமத்தில் 90க்கு மேற்பட்ட நெடுவீடுகளின் தடங்கள் காணப்பட்டன. மரவீடுகள் மண்ணோடு மண்ணாயின. அவர்களின் மட்கலங்களின் ஓடுகள் எஞ்சின. அவர்கள் பேசிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இல்லாது போயினர். எனினும் 1632ஆம் ஆண்டில் சகார் என்னும் பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட அகராதி முதலாய பழைய ஏடுகள் தப்பின. அவற்றைத் துணைக்கொண்டு கியூபெக்கின் வெண்டேக் என்னும் இடத்தில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் மொழியை மீளக் கற்று வருகின்றனர்.

மொழி உடையுமா?

ஸ்ரௌவ்வில் என்ற பெயரே ஒரு பாடம். 1804ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து ஏபிரகாம் ஸ்ரௌவர் என்பவர் குடும்பத்தோடு இங்கு வந்தார். மெனோனைற் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவரைத் தொடர்ந்து பல குடும்பங்கள் வந்தன. அவர்கள் வீட்டிற் பேசியது பென்சில்வேனியச் செருமன் மொழி. இரண்டு நூற்றாண்டுகள் சென்றுவிட்டன. இன்று இவ்வூர்த் தெருவில் அம்மொழி பொதுவாகக் கேட்பதில்லை. ஊர்ப்பெயரிலும் கல்லறைப் பெயர்களிலும் அதன் சுவடு நிற்கின்றது.

மொழி ‘ஃபிராஜைல்’ ஆனது. அந்நிய மண்ணில் அது உடைவது இயல்பு என்று இதைக் கண்டு முடிவு செய்யலாமா? செய்தல் கூடாது. இதே பென்சில்வேனியாவிலிருந்து, இதே காலத்தில், இதே மொழியோடு வோட்டர்லூப் பகுதிக்குச் சென்ற மெனோனைற் மக்களுட் பழைய மரபினர் இன்றும் வீட்டில் அம்மொழியையே பேசுகின்றனர். பொருள் ஒன்று, நாடு ஒன்று, குளிரும் ஒன்று. அங்கே வீட்டிலும் வழிபாட்டிலும் அது விடாது வழங்கிற்று, இங்கே விடுபட்டது. அவர்கள் ஏனைய மக்களிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தமையும் ஒரு காரணம் என்பது உண்மை. எம் பிள்ளைகள் அவ்வாறு ஒதுங்கி வாழ வேண்டும் என்று நாம் கூறவில்லை, கூறவும் மாட்டோம். வீட்டில் வழங்கும் மொழி நிலைக்கும் என்பதே இங்கு நாம் கொள்ளும் பாடம்.

யாழ்ப்பாணத்துத் தாய்மார் கண்ணாடிப் போத்தலைப் பிள்ளையின் கையிற் கொடுக்கும்போது ‘பக்குவம்’ என்று சொல்லிக் கொடுப்பர். பெட்டியில் எழுதிய ஆங்கிலச் சொல் பொருளின் குறையைக் கூறுகின்றது. பக்குவம் என்ற சொல்லோ தூக்குபவரின் கடமையைக் கூறுகின்றது. இவ்விரண்டும் ஒன்றையே சுட்டினாலும் நோக்கு வேறு. மண்பானை நெடுங்காலம் உழைப்பதும், ஒரே நாளில் உடைவதும் பானையால் மட்டும் ஆவதன்று.

போரினால் ஊரைவிட்டு வந்தோருள் பலரால் வீட்டையோ நூல்களையோ எடுத்து வர இயலவில்லை. மொழி ஒன்றே எடையின்றி வந்தது. அதனை ஒவ்வொரு பிள்ளையிடத்தும் புதிதாகப் பிரதி செய்தல் வேண்டும். வார இறுதிப் பள்ளியில் ஆசிரியர் சில மணி நேரம் கற்பிக்கலாம். மிகுதி நாட்களிற் கயிறு அறுந்தது, கொப்பு முறிந்தது, அப்பளம் நொறுங்கியது என்று வீட்டில் சொல்லக் கேட்டாலன்றி அச்சொற்கள் பிள்ளையின் நாவில் நில்லா. நுண்ணிய வெடிப்பிலிருந்தே பெரிய உடைவு தொடங்கும் என்பதைக் கண்டோம். இன்று ஒரு வினைச்சொல்லை விட்டுவிட்டால் நாளை ஒரு வாக்கியம் போகும்.

பெற்றோர்களே, பிள்ளை பிழையாகச் சொன்னால் நகையாதீர்கள். பிள்ளையின் தமிழ் அனிச்சமலர் போன்றது. ஓர் ஏளனப் பார்வையிற் குழைந்துவிடும். சரியான சொல்லை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். பக்குவம் என்பது அதுவே.

பயிற்சி

மாணவர்கள் பெற்றோருடனோ பேரன் பேர்த்தியருடனோ இருந்து செய்க.

1. பொருத்தமான வினைச்சொல்லால் நிரப்புக: (அ) பட்டத்தின் நூல் காற்றில் ........ (ஆ) புயலில் மாங்கொப்பு ........ (இ) வெயிலிற் குளத்தின் அடிநிலம் ........ (ஈ) பையின் அடியில் அகப்பட்ட விசுக்கோத்து ........ (உ) பழைய மதில் மழையில் ........

2. பிறவினையாக மாற்றுக: கிழிந்தது, ஒடிந்தது, இடிந்தது, பிளந்தது.

3. ‘உடை’ என்னும் சொல்லுக்கு உடைத்தல் தவிர வேறு பொருள்களும் உண்டு. அவற்றுள் இரண்டை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க.

4. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், இக்கட்டுரையில் இல்லாத, உடைதலைக் குறிக்கும் வேறு சொல் ஒன்றைக் கேட்டறிந்து வகுப்பில் வந்து கூறுக. உங்களிடமிருந்து புதிய சொற்களை அறிய நாமும் காத்திருக்கின்றோம்.